சூடு ஆறிய அழைப்புகள்

லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கத்துவார்கள். கத்துவது அவர்களுடைய உரிமை என்றுதான் அந்த லிப்ட் கம்பெனியில் வெகுகாலம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மணி அடிக்கும், யாராவது எடுப்பார்கள், மறுமுனையில் ஒரு குரல் பரம்பரையையே இழுத்துவைத்துத் திட்டும். எந்தத் தெரு, எந்தக் கட்டடம் என்று அந்தத் திட்டுக்கு நடுவில் புகுந்து கேட்டுக்கொண்டு மெக்கானிக்கை அனுப்பிவைக்க வேண்டும்.

அனுப்பிவைப்பது அவளுடைய வேலை. யார் எந்தக் கட்டடத்துக்கு என்று டூட்டி போடுகிறவள் என்பதால் அவளை எல்லோரும் டூட்டிக்கா என்றே கூப்பிட்டார்கள். பியூனிலிருந்து தன்னைவிட மூத்த மெக்கானிக் வரைக்கும் அவள் அக்காதான். திட்டுகள் அவளை ஒன்றும் செய்வதில்லை. திட்டுகிறவனுக்கு மூச்சு இருக்கிறது என்று அர்த்தம். மணி அடித்துவிட்டுச் சத்தமே வராத லிப்டுக்குத்தான் அவள் முதலில் ஆள் அனுப்புவாள்.

அப்போதுதான் புதிய பொது மேலாளர் வந்தார். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் உயரும், இவருக்குத் தாழும். மெக்கானிக்குகள் முதல் வாரமே அவருக்கு ஐஸ்கட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூட்ட அறையில் எல்லோரையும் உட்காரவைத்து அவர் சொன்னார்:

"நம் ஊழியர்களை வாட்டுவது வேலை அல்ல. செய்தியில் இருக்கும் வெப்பம். யாரோ பதறுகிறார், அந்தப் பதற்றம் கம்பி வழியாக வந்து உங்களைத் தொற்றிக்கொள்கிறது. செய்தி நமக்கு வேண்டும். வெப்பம் வேண்டாம். அதற்காகத்தான் இதை நானே வடிவமைத்தேன்."

திரையை விலக்கினார். பீரோ அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. 'உள்வரும் வெளிச்செல்லும் தொடர்புகளுக்கான வெப்பத் தணிப்பு அமைப்பு' என்று அதன் நெற்றியில் எழுதியிருந்தது. இவ்வளவு நீளத்தை யார் சொல்வது? சூட்டை ஆற்றுகிறது, அதனால் ஆத்தி.

ஆத்தியின் வேலை எளிமையானது. வருகிற அழைப்பையும் குறுஞ்செய்தியையும் அது முதலில் கேட்கும். சூடு இருந்தால் நீக்கி, மிச்சத்தை நல்ல தமிழில் எழுதித் தரும். மிச்சமே இல்லாவிட்டால் உங்களைத் தொந்தரவு செய்யாமல் உங்கள் பெயரில் அதுவே பதில் அனுப்பிவிடும். நீங்கள் அனுப்புவதற்கும் அதே மரியாதை. ஊழியருக்கு மனம் ஒன்றுதான், அதற்கு வாசலும் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று சொல்லி எல்லோருடைய சொந்த எண்களையும் அந்தப் பெட்டியோடு இணைத்தார்கள். மேலதிகாரிகளுக்கு மட்டும் விலக்கு. அவர்களுடைய வெப்பம் நிறுவனத்தின் சொத்தாம்.

முதலில் சிரித்தார்கள். கேஷியரின் மனைவி, "வீட்டுச் சாவியைப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டியே, மழையில நிக்கிறேன்யா" என்று அனுப்பியது, 'தங்கள் துணைவியார் வெளிப்புறத்தில் இயற்கையோடு நேரம் செலவிடுகிறார்' என்று வந்தது. "இயற்கையோடயா? இருபது வருஷமா என்னோடயே நேரம் செலவு பண்ணதில்ல" என்று கேஷியர் எல்லோரிடமும் காட்டினார். அன்று மாலை வீட்டுக்குப் போனவர் மறுநாள் யாரிடமும் எதையும் காட்டவில்லை.

பிறகு லிப்டுகள். பழைய வணிக வளாகம் ஒன்றில் ஒரு துணிக்கடைக்காரர் மாட்டிக்கொண்டு உயிர்போகக் கத்தியிருக்கிறார். டூட்டிக்காவின் மேசைக்கு வந்தது இதுதான்: 'வாடிக்கையாளர் ஒருவர் நமது தயாரிப்பினுள் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் தங்கியுள்ளார்.' அதைப் பாராட்டுகள் பகுதியில் சேர்த்திருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் நடந்தே வந்து சொல்லித்தான் மெக்கானிக் அண்ணன் கதவு நெம்பும் கம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். திரும்பி வந்து அவள் மேசையில் கம்பியைப் போட்டார்.

"மனுசன் உள்ளயே மயங்கிக் கெடந்தாரு டூட்டிக்கா. கதவத் தெறந்ததும் என் சட்டையைப் புடிச்சு, எத்தன தடவைடா கூப்புடுறதுன்னு அழுவுறாரு."

"எனக்கு வரலையேண்ணே."

"வந்திருக்கும். குளிப்பாட்டிப் பவுடர் போட்டு வந்திருக்கும். உனக்கு அடையாளம் தெரிஞ்சிருக்காது."

மாதக் கூட்டத்தில் ஐஸ்கட்டி வரைபடம் காட்டினார். வாடிக்கையாளர்கள் லிப்டில் தங்கும் சராசரி நேரம் ஏறியிருந்தது, புகார்கள் இல்லவே இல்லை. ஊழியர்களின் வீட்டுக்காரிகள் ஆபீஸ் வாசலுக்கு வந்து சத்தம்போட ஆரம்பித்தபோது, வாட்ச்மேன் கையில் ஒரு மைக்கைக் கொடுத்தார்கள். நேரில் வருகிறவர்களும் முதலில் ஆத்தியிடம் சொல்ல வேண்டும். வாட்ச்மேன் மைக்கை நீட்டுவார், அந்தப் பெண்கள் அதற்குள் திட்டுவார்கள், உள்ளே கணவனுக்கு வாழ்த்து வரும்.

டூட்டிக்கா இதையெல்லாம் சகித்துக்கொண்டாள். சகித்துக்கொண்டாள் என்பதுகூடச் சரியில்லை. மெக்கானிக்குகளை முன்கூட்டியே ரோந்து அனுப்பப் பழகிக்கொண்டாள். மற்றபடி, அவளுக்கு அது ஒருவிதத்தில் பிடித்திருந்தது. யாரும் கத்தாத நாட்கள். அவளுடைய மனசில் அப்போது வேறொரு கத்தல் இருந்தது, வெளிச்சத்தம் இல்லாதது அதைப் பேணிக்கொள்ள வசதியாக இருந்தது.

அது தங்கையைப் பற்றியது. அம்மா போனபிறகு தலைவாரிவிட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, கல்யாணம் செய்துவைத்த ஒரே தங்கை. தங்கை புருஷனுக்குக் கப்பலில் வேலை. பிரசவத்தின்போது அவனால் வரமுடியாது என்று தெரிந்த நாளிலிருந்து, "நீதான் கூட இருக்கணும், நீ கையைப் பிடிச்சாத்தான் உள்ள போவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள். அவளுக்குக் குழந்தை பிறந்ததை டூட்டிக்கா ஒரு தூரத்துச் சித்தி வாயால் கடைவீதியில் கேட்டாள்.

கூப்பிடவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று பஸ்ஸில் நின்றபடியே தட்டினாள்: 'பிள்ளை பெத்ததைக்கூட ஊரான் சொல்லித்தான் நான் தெரிஞ்சிக்கணுமா? அக்கான்னு ஒருத்தி இருக்கான்னு ஞாபகம் இருக்கா உனக்கு?' பதில் வரவில்லை. அதற்கப்புறம் அந்த எண்ணுக்கு எதுவுமே போகவில்லை. தங்கை இவளுடைய எண்ணைப் பிளாக் செய்துவிட்டாள் என்று அவளுக்குப் புரிந்தது.

நேரில் போயிருக்கலாம். இரண்டு பஸ் மாறினால் அவள் வீடு. போகாமல் இருந்ததற்கு ஆத்தி காரணமில்லை. அது டூட்டிக்காவுடையது மட்டும்தான். அவளாக வரட்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தாள், நினைக்க நினைக்க அந்தக் கோபம் வீட்டில் கூடவே குடியிருக்கும் ஆள் மாதிரி ஆகிவிட்டது. சமைக்கும்போது அதனோடு பேசினாள். துணி மடிக்கும்போது அதற்கு நியாயம் சொன்னாள்.

ஆண்டு விழா வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து கம்பெனித் தலைவரே வந்திருந்தார். வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் போனில்தான். இந்த முறை, ஆத்தியை எல்லாக் கிளைகளுக்கும் எடுத்துக்கொள்ளலாமா என்று பார்க்க வந்திருப்பதாகப் பேச்சு. அடுத்த துணைத் தலைவர் பதவி ஐஸ்கட்டிக்குத்தான் என்றும் பேச்சு.

ஐஸ்கட்டி மேடையேறினார். மேடை மைக்கும் ஆத்தியோடு இணைக்கப்பட்டதுதான், அவருக்கு விலக்கு இருந்ததால் அவர் குரல் அவர் குரலாகவே வந்தது.

"ஓர் உதாரணம் காட்டுகிறேன். நம் ஊழியர் ஒருவருக்கு வந்த அழைப்பு. யாருடையது என்று எனக்குத் தெரியாது. பெயரைப் பார்ப்பது தனிமனித உரிமைக்கு எதிரானது. கேட்பது மட்டும்தான் எங்கள் வேலை. முதலில் தணிக்காத வடிவம்."

ஒலிபெருக்கி கரகரத்தது.

"அக்கா... நான்தான்க்கா. வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருக்கேன். உள்ள வரச் சொல்றாங்க, எங்கக்கா வராம வரமாட்டேன்னுட்டேன். எங்க இருக்கக்கா? போனை எடுக்கா. பயமா இருக்குக்கா... அக்கா..."

ஹாலில் சிலர் நெளிந்தார்கள். ஐஸ்கட்டி கையை உயர்த்தினார். "பாருங்கள், எவ்வளவு வெப்பம்! கேட்கும் நமக்கே வியர்க்கிறது. இப்போது தணித்த வடிவம்."

திரையில் எழுத்துகள் வந்தன. 'தங்கள் உறவினர் ஒருவர் மருத்துவமனை வளாகத்தில் நடைபெறும் குடும்ப நிகழ்வுக்குத் தங்களை அன்புடன் அழைக்கிறார்.' அதன் கீழே, அக்காவின் பெயரில் ஆத்தி அனுப்பிய பதில்: 'அழைப்பிற்கு நன்றி. பணி நிமித்தம் கலந்துகொள்ள இயலாமைக்கு வருந்துகிறேன். நிகழ்வு இனிதே நடைபெற வாழ்த்துகள்.'

"நூறு சதவீத நீக்கம்! ஊழியரிடம் காட்ட மிச்சம் ஒன்றுமில்லை, அதனால் காட்டவே இல்லை. அந்தப் பெண்ணுக்கு மரியாதையான பதில் கிடைத்தது. நம் ஊழியர் அன்று முழுவதும் கவனம் சிதறாமல் வேலை செய்தார். பின்னொரு நாள் அதே ஊழியர் கொஞ்சம் கடுமையாக எழுத, அதையும் 'தாயும் சேயும் நலமுடன் வாழ்க' என்று மாற்றி அனுப்பினோம். அதன்பிறகு இருவருக்கும் இடையே ஒரு சச்சரவும் இல்லை. தொடர்பே இல்லை! இதைவிட அமைதி உண்டா?"

கைதட்டினார்கள்.

டூட்டிக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தன் காதுகள் மட்டும் எரிவதை உணர்ந்தாள். உடம்பின் மற்ற பகுதி எங்கோ ஓர் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தது. இத்தனை மாதம் அவள் சோறு போட்டு வளர்த்த கோபம் எழுந்து நின்றது. தங்கையின் பக்கம் திரும்பியிருந்த அதன் முகம், மெதுவாக மேடைப் பக்கம் திரும்பியது. கோபங்களுக்குத் தாங்கள் யாருடையவை என்று தெரியும் போலிருக்கிறது. கொஞ்சம் தாமதமாகத் தெரியும், அவ்வளவுதான்.

"இவ்வாண்டின் குளிர்ந்த உள்ளம் விருது," என்றார் ஐஸ்கட்டி. "ஆண்டு முழுவதும் வெப்பமுள்ள ஒரு செய்திகூடச் சென்றடையாத ஒரே மேசை. நமது டூட்டி பிரிவு அம்மையார்!"

பக்கத்திலிருந்த மெக்கானிக் அண்ணன் அவள் முழங்கையைத் தொட்டார். குரலை அவர் அடையாளம் கண்டிருந்தார். அந்தத் தங்கை கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர் அவர். "போயி நல்லாக் கேட்டுரு டூட்டிக்கா. மைக்கப் புடிச்சு நாறடிச்சிரு."

அவள் படியேறினாள். நாறடிக்கத்தான் போனாள். மைக்கைக் கையில் வாங்கியபோதுதான் அதன் அடியில் எரியும் சின்னப் பச்சை விளக்கைப் பார்த்தாள். கத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். 'பாவி' என்று அவள் சொல்வது 'பெருமதிப்புக்குரியீர்' என்று ஹாலில் கேட்கும். அழுதால் ஆனந்தக் கண்ணீருக்கு நன்றி சொல்லும். சூடுள்ள எதையும் அந்தப் பெட்டி விட்டுவைக்காது.

சூடில்லாததைத் தொடாது.

அவள் மூச்சை இழுத்துவிட்டாள். இத்தனை மாதமாகத் தன் மேசைக்கு வந்து குவிந்த அந்த மொழி அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. அதில் பேசினாள்.

"பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு வணக்கம். நம் எல்லோருக்கும் அமைதியை வழங்கிய பொது மேலாளர் அவர்கள், தமக்கு மட்டும் அந்த அமைதியை மறுத்துக்கொண்டுள்ளார். அதிகாரிகளுக்கான விலக்கு என்ற பெயரில் அவர் ஒருவரே அனைத்து வெப்பத்தையும் தாங்கிவருகிறார். இத்தியாகம் ஊழியர்களாகிய எங்களை உறுத்துகிறது. எனவே அவருடைய அலுவலக, இல்ல, சொந்த எண்கள் அனைத்தையும் இன்றே இவ்வமைப்பில் இணைத்து, அவருக்கும் குளிர்ச்சி கிடைக்கச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவர் தன்னடக்கத்தால் மறுக்கக்கூடும். அம்மறுப்பை வெப்பமாகக் கருதித் தணித்துவிட வேண்டுகிறேன்."

ஒரு சொல் மாறாமல் ஹாலில் ஒலித்தது. பின்வரிசையிலிருந்து மெக்கானிக்குகள் விசிலடித்தார்கள். தலைவர் எழுந்து நின்றே கைதட்டினார்.

"பிரமாதம்மா! இப்பவே பண்ணுங்க. இனிமே விலக்கு கேக்குறவங்க யாரா இருந்தாலும் இந்த அம்மா கையெழுத்துப் போட்டாத்தான் உண்டு."

பெட்டியருகே இருந்த ஆள் ஏதோ தட்டினான். ஐஸ்கட்டி பாய்ந்து மைக்கைப் பிடுங்கினார். அவர் வாய் "நிறுத்துங்க, யாரைக் கேட்டு" என்று அசைவதை முன்வரிசை பார்த்தது. ஒலிபெருக்கியில் அவருடைய குரல், தேன் தடவியதுபோல வந்தது: "தகுதியற்ற எனக்கு இது பெரும்பேறு. நெகிழ்கிறேன்."

அன்று மாலையே அவள் இரண்டு பஸ் மாறித் தங்கை வீட்டுக்குப் போனாள். கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. சங்கிலிக்குப் பின்னால் பாதி முகம், தோளில் ஒரு துணி மூட்டை. மூட்டையிலிருந்து ஒரு குட்டிக் குதிகால்.

"என்ன, வாழ்த்து சொல்ல வந்தியா? அதான் ரெண்டு தடவை வந்துச்சே."

"அது நான் எழுதலைடி. எங்க ஆபீஸ்ல ஒரு மெஷின்..."

"மெஷின் எழுதிச்சா? உன் நம்பர்ல இருந்து, உன் பேரைப் போட்டு, மெஷின்!" தங்கையின் குரல் உடைந்தது. "அந்த நர்ஸ் அதை எனக்குப் படிச்சுக் காட்டினாங்கக்கா. நிகழ்வு இனிதே நடைபெறன்னு. படிச்சிட்டு அவங்களே என் கையைப் பிடிச்சிக்கிட்டாங்க. நீ பிடிக்க வேண்டிய கை."

"சத்தியமா..."

"சத்தியமெல்லாம் வேணாம். அந்த மெஷினைச் செஞ்சவன் வந்து என் வாசல்ல நின்னு, நான்தான் செஞ்சேன்னு சொல்லட்டும். அப்போ நம்புறேன்."

கதவு சாத்திக்கொண்டது. டூட்டிக்கா படியிறங்கினாள். மனசு வலித்தது, ஆனால் வலிக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. எத்தனை நாளாயிற்று, ஒருவர் சூடாகப் பேசி அவள் கேட்டு. அந்தத் திட்டைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

அதன்பிறகு அவள் ஒன்றும் செய்யவில்லை. காத்திருந்தாள். செய்யவேண்டியதை ஆத்தி செய்தது.

ஐஸ்கட்டி தலைவருக்குப் போன் செய்து தன்னை விடுவிக்கக் கெஞ்சினார். தலைவருக்கு 'நிறைவாக உணர்கிறேன்' என்று போனது. அவருடைய மனைவி கோபித்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போவதாக அனுப்பியது, 'இல்லத்தில் இட வசதி கூடியுள்ளது' என்று வந்தது. மனைவியைத் திரும்பிவரச் சொல்லி அவர் எழுதியது அந்த அம்மாளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, தம்பி வந்து மிச்சத் துணிமணியையும் எடுத்துக்கொண்டு போனானாம். கடைசியில் தலைவரே கூப்பிட்டு, துணைத் தலைவர் பதவிக்கு விருப்பம்தானே என்று கேட்டார். விருப்பம் என்பது நல்ல சூடுள்ள பொருள். ஆத்தி அதைச் சுத்தமாக நீக்கி, 'எனக்கு எதிலும் விருப்பம் இல்லை' என்று அனுப்பியது. "என்ன மனுஷன்யா, முனிவர்!" என்று உருகிப்போய் தலைவர் அந்தப் பதவியை, ஐஸ்கட்டிக்குக் கண்ணிலேயே காட்டக்கூடாத இன்னொரு கிளை மேலாளருக்குக் கொடுத்தார். மெக்கானிக் அண்ணன் அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஐஸ்கட்டி டூட்டிக்காவின் மேசை முன்னால் வந்து நின்றார். சட்டையில் ஒரு பித்தான் மாறிப் போட்டிருந்தது.

"அம்மா, அந்த விலக்கு... நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

"எழுத்துல குடுங்க சார்."

"எழுதினா அது மாத்திடுதே! மூணு தடவை விண்ணப்பிச்சேன். மூணும் உங்களுக்குப் பொங்கி வழியுற நன்றிக் கடிதமா வந்திருக்கும்."

"வந்துச்சு சார். ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க."

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு நான் என்னம்மா கெடுதல் பண்ணேன்?"

"விழா அன்னைக்கு ஒரு பொண்ணோட குரலைப் போட்டீங்களே."

"ஆமா. சிறந்த உதாரணம்."

"அது என் தங்கச்சி."

ஐஸ்கட்டி நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நினைவு வந்ததும் முகம் தெளிந்தது. உண்மையான அக்கறையோடு கேட்டார்: "அப்படியா? நிகழ்வு நல்லபடியா நடந்துச்சா?"

அவள் அவரையே பார்த்தாள். அதுவரை அவளுக்குள் ஒரு மூலையில், பாவம், பெண்டாட்டியும் போய்விட்டாளே என்று ஓர் இரக்கம் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தது. அது தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப்போனதை அவள் தெளிவாக உணர்ந்தாள்.

"நடந்துச்சு சார்," என்றாள். "வாங்க, நேர்லயே விசாரிக்கலாம். என் தங்கச்சிகிட்ட நீங்க உங்க வாயால சொல்லணும். அப்புறம் கையெழுத்தைப் பத்தி யோசிக்கிறேன்."

இரண்டு பஸ்ஸிலும் அவர் நின்றுகொண்டே வந்தார். தங்கை சங்கிலி அளவுக்குக் கதவைத் திறந்தாள். ஐஸ்கட்டி தொண்டையைச் செருமினார்.

"வணக்கம். தங்களுடைய மகிழ்ச்சியான தருணத்தில் ஏற்பட்ட ஒரு சிறு தொடர்பு..."

"சார்," என்றாள் டூட்டிக்கா. "மெஷின் இங்க இல்ல. நீங்களே பேசுங்க."

அவர் திணறினார். சொற்களைத் தேடி வாய் திறந்து திறந்து மூடியது. "நான்தான்மா செஞ்சேன்," என்றார் கடைசியில். "நீங்க கூப்பிட்டது அவங்களுக்கு வரலை. அந்தப் பதிலை அவங்க எழுதலை. என் பெட்டி எழுதிச்சு."

தங்கை சங்கிலியை எடுத்தாள். வெளியே வந்து, குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் துணியோடு அப்படியே நின்றாள். ஆஸ்பத்திரி வாசலில் தனியாக உட்கார்ந்திருந்த அந்தப் பகல் முழுவதும் அதில் வந்தது. ஐஸ்கட்டியின் முகத்தில் எச்சில் தெறித்தது. துடைக்கக்கூடக் கை தூக்காமல் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு நெருக்கத்தில், இவ்வளவு முழுசாக, ஒரு மனுஷி சொல்வதை அவர் வாழ்க்கையில் முதல்முறை கேட்கிறார் போலிருந்தது.

மூச்சு வாங்கத் தங்கை நிறுத்தினாள். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, அதே குரலில், "உனக்கு மட்டும் என்னவாம்? ரெண்டு பஸ்தானே? மெஷின் சொன்னா வராம இருந்துடுவியா? நேர்ல வந்து நாலு அறை விட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்ல!" என்றாள்.

டூட்டிக்கா தலையாட்டினாள். "ஆமாண்டி," என்றாள்.

"உள்ள வா. இவனைப் பிடி, தோள் விட்டுப்போச்சு."

அவள் உள்ளே போனாள். தங்கை கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். குழந்தை எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. இவ்வளவு மாதக் கனம். அது அவள் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு, யாரிவள் என்று பார்த்தது.

வெளியே கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. "அம்மா, கையெழுத்து... அம்மா, ஒரே ஒரு கையெழுத்து! எம் பொண்டாட்டி போயி ஒரு மாசமாச்சும்மா, அவகிட்டப் போன்ல ஒரு வார்த்தை நேராப் பேச முடியல... தயவு பண்ணுங்கம்மா!" குரல் உயர்ந்து பிசிறடித்தது. ஐஸ்கட்டிக்கு இப்படியொரு குரல் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதிலிருந்த பயம், அவசரம், அழுகைக்கு முந்தைய கமறல், ஒன்று விடாமல் டூட்டிக்காவுக்குக் கேட்டது. எதுவும் நீக்கப்படாமல் கேட்டது.

தங்கை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். இப்போதுதான் திட்டித் தீர்த்தவள், அதற்குள் முகம் இளகியிருந்தது. "பாவம்க்கா. போய்த் திறயேன்."

டூட்டிக்கா குழந்தையைச் சாய்த்துப் பிடித்து, அதன் தலையை மோந்துபார்த்தாள். கதவு மறுபடியும் தட்டப்பட்டது.

"ஆறட்டும்," என்றாள்.